ஓட்டுக் கணக்கும் சாட்சியின் நகலும்



கடைத்தெருவில் தொழில் செய்கிறவர்களுக்குச் சாட்சியின் மதிப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடன் கொடுத்தால் எழுதி வைக்கிறோம். சரக்கு இறங்கினால் பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் நகல் ஒன்றை நாமும் வைத்துக்கொள்கிறோம். கூட்டு வியாபாரத்தில் வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும்போது பங்காளிகள் அனைவரும் கூட உட்கார்ந்து பார்க்கிறார்கள். பங்காளியின் நாணயத்தில் சந்தேகம் வந்துவிட்டது என்று இதற்குப் பொருளாகாது. சந்தேகம் நுழைய இடமே வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறோம்.

ஒரு தேசமும் பெரிய கூட்டு வியாபாரம் போன்றதே. அதில் ஒவ்வொரு பிரஜைக்கும் ஒரு பங்கு உண்டு. மாடி வீட்டுக்காரருக்கும் ஒன்று, மூட்டை தூக்குகிறவருக்கும் ஒன்று. சில வருஷங்களுக்கு ஒருமுறை நடக்கும் தேர்தலே அதன் ஐந்தொகை. ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கணக்கு எழுதும் உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். அந்தச் சர்க்காரை நடத்தும் கட்சியோ தன் அபேட்சகர்களைத் தேர்தலில் நிறுத்துகிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே கணக்கையும் எழுதி, தணிக்கையும் செய்துகொண்டால் மற்றப் பங்காளிகளுக்கு மனநிம்மதி ஏது? அவர் உத்தமராகவே இருந்தாலும், அதை நிரூபித்துக்கொள்ள அவருக்கே வழியில்லாமல் போகிறது.

இந்தச் சங்கடத்துக்குப் பல தேசங்கள் கண்ட பரிகாரந்தான் சுயேச்சையான தேர்தல் பார்வையாளர் முறை. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே பலித்தது, எங்கே தவறியது, அதனால் ஓட்டு விதிகள் எவ்வாறு திருந்தின என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். எந்தக் கட்சிக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ இதை எழுதவில்லை. கணக்கு முறையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

1. பார்வையாளர் என்பவர் யார்?

ஓட்டுச் சாவடியில் உத்தியோகஸ்தர்களைத் தவிர இரண்டு வகையினர் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். ஒரு வகையினர் அபேட்சகர்களின் ஏஜெண்டுகள். தம்முடைய அபேட்சகருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. மற்றொரு வகையினரே பார்வையாளர்கள். அவர்களுக்கு அபேட்சகர் கிடையாது. யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு ஆதாயமும் இல்லை, சேதமும் இல்லை.

பார்வையாளருக்கு அதிகாரமும் கிடையாது. ஓட்டுப் போடுவதை நிறுத்தவோ, பெட்டியைத் தொடவோ, உத்தியோகஸ்தருக்கு உத்தரவிடவோ அவரால் முடியாது. பார்ப்பது, எழுதுவது, எழுதியதைப் பகிரங்கமாகச் சொல்வது ஆகிய இம்மூன்றே அவர் வேலை. சாட்சிக்குரிய அமானிதத்தை மட்டும் அவர் சுமக்கிறார். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் பொறுப்பு.

இம்முறை நேற்று முளைத்ததன்று. 1857-ல் மோல்டாவியா, வாலாக்கியா என்னும் இரு ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஓட்டெடுப்பை வல்லரசுகளின் பிரதிநிதிகள் சேர்ந்து மேற்பார்த்தார்கள். 2005 அக்டோபர் 27-ல் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தில் பார்வையாளர்களுக்கான கொள்கைப் பிரகடனம் ஒன்று வெளியாயிற்று. பட்சபாதம் கூடாது, தேர்தல் வேலையில் குறுக்கிடக் கூடாது, சொல்லும் முடிவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பவை அதன் சாரம். நம்முடைய ஆசியாவில் 1997-ல் அன்ஃப்ரெல் என்னும் கூட்டமைப்பு ஏற்பட்டது. பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்டு அது பல தேசங்களுக்குப் பார்வையாளர்களை அனுப்பி வருகிறது.

பார்வையாளர்களில் வெளிநாட்டார் உண்டு, உள்நாட்டார் உண்டு. வெளிநாட்டாரின் சொல்லுக்கு உலகப் பத்திரிகைகளில் மதிப்பு அதிகம். ஆனால் அவர்கள் சிலரே. சில நாட்கள் அல்லது சில வாரங்கள் தங்கிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். உள்நாட்டாரோ ஆயிரக்கணக்கில் நிற்க முடியும். ஊர்ப் பாஷை அவர்களுக்குத் தெரியும். எந்தத் தெருவில் யார் யாருக்குப் பயப்படுவார்கள் என்பதும் தெரியும். தேர்தல் முடிந்த மறுநாளும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

2. கணக்கு எங்கே கெடுகிறது?

தேர்தல் கணக்கு மூன்று கட்டங்களில் கெடலாம். முதலாவது, தேர்தலுக்கு முன். வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயர் இருக்கும். உயிரோடிருப்பவர் பெயர் இராது. தொகுதியின் எல்லையை வேண்டியபடி இழுத்துக் கோடு போடுவதும் இக்கட்டத்தில்தான். இரண்டாவது, ஓட்டுப் போடும் நாளில். ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுப் போடுவது, பணம் கொடுப்பது, மிரட்டுவது முதலியன இதில் அடங்கும்.

மூன்றாவது கட்டம், ஓட்டை எண்ணிய பின். ஜனங்கள் அதிகம் கவனிக்காத கட்டம் இதுதான். சாவடியில் எண்ணி முடித்ததும் ஒவ்வொரு அபேட்சகருக்கும் எத்தனை ஓட்டு என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அந்தப் படிவம் நம்முடைய குறிப்பேடு போன்றது. அங்கிருந்து தொகுதிக்குப் போய், தொகுதியிலிருந்து தலைநகருக்குப் போய்ப் பெரிய கூட்டலாகிறது. அது பேரேடு.

குறிப்பேட்டில் 120 என்று இருப்பதைப் பேரேட்டில் 720 என்று ஏற்ற ஒரு பேனாக் கோடு போதும். சாவடியில் திருட வேண்டுமானால் நூற்றுக்கணக்கான பேர் ஒத்துழைக்க வேண்டும். பல கண்கள் பார்க்கும். நடுவழியில் திருட நாலு பேர் போதும். ஆதலால் குறிப்பேட்டின் நகல் பலர் கையில் இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. இருந்தால், பேரேட்டை யார் வேண்டுமானாலும் சரி பார்க்கலாம். இல்லாவிட்டால், ஆயிரம் பார்வையாளர் சாவடியில் காலை முதல் மாலை வரை நின்றிருந்தும் கடைசிக் கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இனி இதைச் சில தேசங்களின் அனுபவத்தில் பார்ப்போம்.

3. பிலிப்பைன்ஸ், 1986

பிலிப்பைன்ஸில் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் 1965 முதல் பதவியில் இருந்தார். அவர் சர்க்காரின் தேர்தல்களில் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. 1983-ல் வியாபாரிகளும் மதத் தொண்டர்களும் படித்தவர்களும் சேர்ந்து நாம்ஃப்ரெல் என்ற சுதந்திரத் தேர்தல் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1986 பிப்ரவரி 7-ல் மார்க்கோஸுக்கும் கொராஸோன் அக்கீனோவுக்கும் ஜனாதிபதி தேர்தல் நடந்தபோது அந்த இயக்கத்தில் சுமார் 5 லட்சம் தொண்டர்கள் இருந்தார்கள்.

அவர்களுக்கு ஒரு சட்ட உரிமை கிடைத்திருந்தது. ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கைப் படிவத்திலும் ஒரு நகல் அந்த இயக்கத்துக்கு உரியது. அந்த நகல்களைக் கொண்டு அவர்கள் தனியாகக் கூட்டினார்கள். தேர்தல் கமிஷனும் தன் கணக்கைக் கூட்டியது. இரண்டும் வேறு வேறு பக்கம் போயின. பிப்ரவரி 9-ம் தேதி இரவு கமிஷனின் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த முப்பதுக்கு மேற்பட்டவர்கள், பலகையில் காட்டப்படும் தொகை தாங்கள் ஏற்றிய தொகையோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள்.

மார்க்கோஸ் சுமார் 15 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததாகப் பாராளுமன்றம் அறிவித்தது. நாம்ஃப்ரெல் இயக்கத்தால் எல்லாச் சாவடிகளையும் எண்ண முடியவில்லை. எண்ணிய வரையில் அக்கீனோ 7 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளால் முன்னே இருந்தார். ஜனங்கள் தலைநகரின் வீதிகளை நிறைத்தார்கள். சேனையின் ஒரு பகுதியும் அவர்கள் பக்கம் வந்தது. பிப்ரவரி 25-ம் தேதி மார்க்கோஸ் தேசத்தை விட்டு வெளியேறினார்.

அந்த ஐந்து லட்சம் பேரும் வெறுங்கையோடு நின்றிருந்தால் அவர்கள் பேச்சு வெறும் முறையீடாகப் போயிருக்கும். கையில் நகல் இருந்ததால் அது கணக்காயிற்று.

4. குத்தூசிக் கணக்கு

எல்லாச் சாவடிகளின் நகலையும் சேர்ப்பது கஷ்டமான காரியம். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அரிசிக் கடைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூறு மூட்டை இறங்கினால் நூறையும் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியால் அங்கொரு மூட்டையும் இங்கொரு மூட்டையுமாகக் குத்தி எடுத்துப் பார்க்கிறோம். ஆனால் எந்த மூட்டையைக் குத்துவது என்பதை விற்கிறவர் சொல்லக் கூடாது. மேலடுக்கில் மட்டும் குத்தவும் கூடாது.

தேர்தலிலும் அப்படியே. தேசம் முழுவதிலுமுள்ள சாவடிகளில் சில நூறு அல்லது சில ஆயிரத்தைச் சீட்டுக் குலுக்குவது போல் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற பார்வையாளர் ஒருவரை நிறுத்துகிறார்கள். எண்ணிக்கை முடிந்து படிவம் ஒட்டப்பட்டதும் அவர் தொகையைத் தெரிவிக்கிறார். அதைக் கொண்டு முழுக் கணக்கு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். தென் அமெரிக்காவின் சிலி தேசத்தில் 1988 அக்டோபர் 5-ல், ராணுவ ஆட்சியாளர் பினோசே பதவியில் நீடிக்கலாமா என்று ஜன வாக்கெடுப்பு நடந்தது. சர்க்கார் முடிவைச் சொல்லத் தாமதித்தது. சுயேச்சைக் குழுவினரும் எதிர்க்கட்சிகளும் முன்கூட்டியே இத்தகைய கணக்கை எடுத்து வைத்திருந்ததால் உண்மையை மறைக்க முடியவில்லை. ஏறக்குறைய 56 சதவிகிதம் பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றிரவே விமானப் படைத் தளபதி அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

சிங்கப்பூரில் 2015 பொதுத் தேர்தல் முதல் தேர்தல் இலாகாவே மாதிரி எண்ணிக்கையை இரவில் வெளியிடுகிறது. ஒவ்வொரு சாவடியின் ஓட்டிலும் 100 சீட்டுகளை எடுத்து எண்ணுகிறார்கள். அதன் நோக்கம் வேறு: வதந்தி பரவாமல் தடுப்பது. ஆனால் முறை அதே குத்தூசி முறைதான்.

5. கென்யா: பார்வையாளர்கள் பார்க்காத இடம்

பார்வையாளர் முறை தவறிய இடத்தையும் பார்க்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவில் 2017 ஆகஸ்டு 8-ல் ஜனாதிபதி தேர்தல் நடந்தது. ஐரோப்பா, ஆப்பிரிக்க ஒன்றியம், காமன்வெல்த், அமெரிக்காவின் கார்ட்டர் மையம் முதலிய இடங்களிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். சாவடிகளில் ஜனங்கள் ஒழுங்காக வரிசையில் நின்றதையும், எண்ணிக்கை அமைதியாக நடந்ததையும் கண்டு பாராட்டினார்கள். 11-ம் தேதி உஹூரு கென்யாட்டா 54 சதவிகித ஓட்டுடன் ஜெயித்ததாகத் தேர்தல் கமிஷன் அறிவித்தது.

தோற்ற ரைலா ஒடிங்கா நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே விஷயம் வேறு விதமாக விரிந்தது. ஒவ்வொரு சாவடிக்கும் 34-ஏ என்ற படிவம் உண்டு. எல்லாச் சாவடிகளின் 34-ஏ படிவங்களும் வந்து சேருவதற்கு முன்பே கமிஷன் முடிவை அறிவித்துவிட்டது. தொகுதிப் படிவங்கள் சிலவற்றில் இருக்க வேண்டிய பாதுகாப்பு அடையாளங்கள் இல்லை. கம்ப்யூட்டர் பதிவுகளைக் காட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டும் கமிஷன் முழுமையாகக் காட்டவில்லை. 2017 செப்டம்பர் 1-ல் பிரதம நீதிபதி டேவிட் மராகா தலைமையில் நால்வர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமுமாகத் தீர்ப்பளித்து, தேர்தலைச் செல்லாது என்றார்கள். ஆப்பிரிக்காவில் பதவியிலிருக்கும் ஜனாதிபதியின் வெற்றியை நீதிமன்றம் ரத்துச் செய்தது அதுவே முதல் தடவை.

பெரிய மனிதர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த இடத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுப் பேரேடும் சரி என்று ஜனங்கள் எண்ணிக்கொள்ளும்படி பேசியதே குறை. மறுதேர்தல் அதே வருஷம் அக்டோபர் 26-ல் நடந்தது. ஒடிங்கா அதைப் பகிஷ்கரித்தார். கென்யாட்டா 98 சதவிகித ஓட்டுப் பெற்றார். ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் பத்தில் நாலு பேரே. நீதிமன்றம் குற்றத்தைக் கண்டுபிடித்தாலும், போன நம்பிக்கையை உடனே கொண்டுவந்து கொடுத்துவிட முடியாது என்பதற்கு அது உதாரணம்.

ஆயினும் பாடம் வீணாகவில்லை. 2022 ஆகஸ்டு 9 தேர்தலில் கமிஷன் 46 ஆயிரத்துக்கு மேற்பட்ட சாவடிகளின் 34-ஏ படிவங்களைப் படம் பிடித்து யாவரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டது. பத்திரிகைக்காரர், கட்சிக்காரர், மாணவர் என்று விருப்பமுள்ள எவரும் கூட்டிப் பார்க்கலாம். வில்லியம் ரூட்டோ 50.49 சதவிகிதம் பெற்றார். மயிரிழை வெற்றி. கமிஷனின் உறுப்பினர் ஏழு பேரில் நால்வர் முடிவுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று விலகி நின்றார்கள். அவ்வளவு குழப்பத்திலும் உள்நாட்டுப் பார்வையாளர்களின் குத்தூசிக் கணக்கு கமிஷனின் தொகையோடு ஒத்துப்போயிற்று. நீதிமன்றமும் செப்டம்பர் 5-ல் ஏகமனதாக முடிவை உறுதி செய்தது. நகல் பகிரங்கமாக இருந்ததால் சண்டை காகிதத்தோடு நின்றது.

6. மலாவி: வெள்ளை மை பூசிய கணக்கு

மலாவி ஆப்பிரிக்காவின் ஏழைத் தேசங்களில் ஒன்று. 2019 மே 21-ல் அங்கே நடந்த தேர்தலில் பீட்டர் முத்தாரிக்கா 38 சதவிகிதத்துச் சொச்சமும், லாசரஸ் சக்வேரா 35 சதவிகிதத்துச் சொச்சமும் பெற்றதாக அறிவித்தார்கள். பிறகு பார்த்தால், எண்ணிக்கைப் படிவங்களில் எழுத்துத் திருத்தும் வெள்ளை மை பூசி, மேலே வேறு தொகை எழுதியிருந்தது. கடைக் கணக்கில் தவறு நேர்ந்தால் என்ன செய்கிறோம்? பழைய தொகை தெரியும்படி ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். வெள்ளை மை பூசிய ஏட்டை எந்தத் தணிக்கைக்காரரும் ஏற்கமாட்டார்.

மாதக் கணக்கில் ஜனங்கள் வீதியில் ஊர்வலம் போனார்கள். 2020 பிப்ரவரி 3-ல் ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத சட்டை அணிந்து, காவலோடு நீதிமன்றத்துக்கு வந்து, தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வாசித்தார்கள். அத்தோடு ஒரு விதியும் மாறியது. அதுவரை அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர். இனிமேல் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். மறுதேர்தல் 2020 ஜூன் 23-ல் நடந்தது. கொரோனா நோயால் உலகம் கதவடைத்திருந்த சமயம். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் அதிகம் வரமுடியவில்லை. உள்நாட்டுப் பார்வையாளர்களும் ஏஜெண்டுகளும் படிவங்களைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார்கள். சக்வேரா பாதிக்கு மேல் வாங்கி ஜெயித்தார்.

கதை அங்கே முடியவில்லை. 2025 செப்டம்பரில் நடந்த தேர்தலில் அதே சக்வேரா தோற்றார். முத்தாரிக்கா மீண்டும் வந்தார். சக்வேரா தோல்வியை ஒப்புக்கொண்டார். நேர்மையான தராசு இன்று ஒருவருக்குச் சாதகமாக நிற்கும், நாளை மற்றவருக்கு. அதனால்தான் இருவரும் அதற்குக் கட்டுப்பட முடிகிறது.

7. இந்தோனேசியா: 700 தொண்டர்கள்

நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் 2014 ஜூலை 9-ல் ஜனாதிபதி தேர்தல் நடந்தது. அன்று மாலையே ஜோக்கோ விடோடோவும் பிரபோவோ சுபியாந்தோவும் தாம்தாம் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அதிகார பூர்வமான முடிவு வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் என்ன கலகம் நடக்குமோ என்று ஜனங்கள் பயந்தார்கள்.

நல்லவேளையாகத் தேர்தல் கமிஷன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. சாவடிகளில் எழுதிய சி-1 என்ற படிவங்களைப் படமாக இணையத்தில் போட்டது. அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்த ஐனுன் நஜீப் என்ற இந்தோனேசிய இளைஞர் தம் சிநேகிதர்களோடு சேர்ந்து, தேர்தலைக் காப்போம் என்று பொருள்படும் கவால் பெமிலு என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். சுமார் 700 தொண்டர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே படிவத்தைப் பார்த்துத் தொகையை ஏற்றினார்கள். 4 லட்சத்து 78 ஆயிரம் சாவடிகளின் கணக்கு இப்படிக் கூட்டப்பட்டது. ஜூலை 22-ல் கமிஷன் ஜோக்கோ விடோடோவுக்கு 53.15 சதவிகிதம் என்று அறிவித்தபோது, தொண்டர்களின் கூட்டலும் ஏறக்குறைய அதே தொகையாக இருந்தது.

பிலிப்பைன்ஸில் 5 லட்சம் பேர் செய்த வேலையை இங்கே 700 பேர் செய்துவிட்டார்கள். காரணம் விதி. அங்கே நகலைச் சாவடி தோறும் போய் வாங்கிச் சுமக்க வேண்டியிருந்தது. இங்கே கமிஷனே எல்லார் முன்னாலும் விரித்து வைத்துவிட்டது.

8. நம் நாட்டு விதிகள்

மலேசியாவிலும் இந்தக் குறிப்பேடு உண்டு. போராங் 14 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எண்ணி முடித்ததும் தொகையை எழுதி, அபேட்சகர்களின் ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுக்கும் படிவம் அது. ஏஜெண்டாகப் போகிறவர்கள் அந்த நகலை வாங்காமல் சாவடியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

மற்ற விதிகள் திருந்த நீண்ட நாள் பிடித்தது. ஒருவர் இரண்டு தடவை ஓட்டுப் போடாமலிருக்க விரலில் அழியாத மை வைப்பதாக 2008 தேர்தலுக்கு முன் சொன்னார்கள். ஓட்டுப் போடும் நாளுக்கு நாலு நாள் முன்னே அதைக் கைவிட்டார்கள். 2007 நவம்பர் 10-ல் பெர்சே இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பெரிய ஊர்வலத்தின் கோரிக்கைகளில் அந்த மையும் ஒன்று. 2011-ல் பாராளுமன்றம் ஒரு தனிக் குழுவை ஏற்படுத்தியது. 2012-ல் அது 22 சிபாரிசுகளைக் கொடுத்தது. 2013 தேர்தலில் மை வந்தது. கழுவினால் போய்விடுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். விதி மட்டும் போதாது, சரக்கும் தரமாக இருக்க வேண்டும்.

2019 ஜூலை 16-ல் இரு தரப்பு உறுப்பினர்களும் சேர்ந்து 211 ஓட்டுகளால் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18 ஆயிற்று. பதிவு செய்துகொள்ளாமலே பெயர் பட்டியலில் ஏறும் முறையும் வந்தது. 2021 டிசம்பர் 15-ல் அது அமலாகியது. 2018-ல் ஒரு கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022 தேர்தலில் இரண்டு கோடியே 11 லட்சமாக உயர்ந்தது.

ஆயினும் சாட்சியாலும் நகலாலும் சரி செய்ய முடியாத குறை ஒன்று இருக்கிறது. அது தொகுதியின் அளவு. 1957 அரசியல் சட்டம் தொகுதிக்குத் தொகுதி வாக்காளர் தொகையில் சராசரியிலிருந்து 15 சதவிகித வித்தியாசத்துக்கு மேல் கூடாது என்றது. 1962-ல் அந்த வரம்பு தளர்ந்தது. 1973-ல் வரம்பே இல்லாமற் போயிற்று. 2013-ல் காப்பார் தொகுதியில் ஒரு லட்சத்து 44 ஆயிரம் வாக்காளர். புத்ராஜெயாவில் 16 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ஓர் அங்கத்தினர். 2022-ல் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல்; சரவாக்கிலுள்ள இகானில் 29 ஆயிரத்துக்கும் குறைவு. கிராமப்புறத் தொகுதிகள் பரப்பில் பெரியவை, போய்வருவது கடினம், ஆகவே சலுகை வேண்டும் என்ற நியாயத்தை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சலுகைக்கு ஓர் அளவு வேண்டாமா? ஒரு கடையில் கிலோவுக்கு ஆயிரம் கிராம், மறு கடையில் நூறு கிராம் என்றால் தராசு எவ்வளவு சரியாக நின்றும் என்ன பயன்? எல்லை வகுக்கும்போது ஆட்சேபம் சொல்ல வாக்காளருக்குச் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சமயம் வரும்போது கவனமாயிருப்பதே வழி.

9. நம்மால் ஆகக்கூடியவை

முதலாவது: பட்டியலில் உங்கள் பெயரையும் வீட்டிலுள்ளவர்கள் பெயரையும் பாருங்கள். கடையை ஓர் ஊரிலிருந்து வேறு ஊருக்கு மாற்றுகிறவர்கள் நம்மில் பலர். அடையாளக் கார்டில் விலாசம் பழையதாயிருந்தால் ஓட்டும் பழைய ஊரிலேயே இருக்கும். 18 வயது நிரம்பிய பிள்ளைகள் பெயர் தானாக ஏறியிருக்கும். எந்தத் தொகுதியில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பது நம் வேலை. சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு வயது 21. அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயக் கடமை. போடத் தவறினால் பெயர் நீக்கப்படும்; தக்க காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேர்க்க முடியும்.

இரண்டாவது: கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஓட்டுப் போட நேரம் கொடுங்கள். மலேசியாவில் 1954-ம் வருஷத் தேர்தல் குற்றச் சட்டப்படி முதலாளி இதற்குத் தகுந்த நேரம் கொடுத்தாக வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சிங்கப்பூரிலும் அத்தகைய சட்டம் உண்டு. யாருக்குப் போட்டாய் என்று திரும்பி வந்தவரிடம் விசாரிக்கவும் வேண்டாம். கடையின் கூலி முதலாளியுடையது, ஓட்டு அவருடையது.

மூன்றாவது: கணக்குத் தெரிந்த இளைஞர்கள் பார்வையாளர்களாகப் போகலாம். அனுமதி பெற்ற சங்கங்கள் தேர்தலுக்கு முன் ஆள் தேடிப் பயிற்சி கொடுக்கின்றன. அதற்கு மூன்று குணங்கள் வேண்டும்: கட்சி பேசாத வாய், பார்த்ததை மட்டும் எழுதும் கை, எண்ணிக்கை முடியும் வரை எழுந்து போகாத பொறுமை. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து, இரவில் சில்லறை வரை சரி பார்த்துவிட்டுத்தான் கதவடைக்கும் நம் பிள்ளைகளுக்கு இவை புதியவை அல்ல.

படித்தபின் யோசிக்க:

1. அபேட்சகரின் ஏஜெண்டுக்கும் பார்வையாளருக்கும் என்ன வித்தியாசம்?

2. கென்யாவில் 2017-ல் பார்வையாளர்கள் எந்தக் கட்டத்தைப் பார்த்தார்கள்? எதைப் பார்க்கவில்லை?

3. பிலிப்பைன்ஸில் லட்சக்கணக்கானவர்கள் செய்த வேலையை இந்தோனேசியாவில் 700 பேர் செய்ய முடிந்ததற்கு எந்த விதி காரணம்?

4. உங்கள் தொகுதியில் எத்தனை வாக்காளர்? பக்கத்துத் தொகுதியில் எத்தனை? விசாரித்து எழுதுக.